கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகையியல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகையியல் என்பது தமிழ்நாட்டின் தென்கோடியில் அமைந்துள்ள கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதன் தலைநகரான நாகர்கோவிலிலும் வாழும் மக்களின் எண்ணிக்கை, அடர்த்தி, கல்வி, வருவாய், சமய, சமுதாய அமைப்பு ஆகியவற்றையும் அவை காலப்போக்கில் அடைந்துவரும் மாற்றங்களையும் குறிக்கும். 2011 ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374 ஆகும். அவ்வாண்டில் சென்னைக்கு அடுத்தபடியாக மக்கள் நெருக்கம் மிகுந்த மாவட்டமாகவும், தமிழ்நாட்டிலேயே படிப்பறிவு வீதம் மிகுந்த மாவட்டமாகவும் இது விளங்கியது.

இம்மாவட்டத்தின் புள்ளிவிவரங்கள் பல வகைகளில் தமிழ்நாட்டின் பொதுப்போக்கிலிருந்து வேறுபடுகின்றன. நகர்ப்புற மக்கள் ஐந்தில் நான்கு பங்கினராக இருந்தும் பெருநகரம் எதுவும் இங்கு இல்லை. வாழ்க்கைத்தரம் உயர்ந்திருந்தும் பெருந்தொழிற்சாலைகள் மிகக் குறைவு. ஒரு காலத்தில் மாநிலச் சராசரியை விட விரைவாகப் பெருகிய மக்கள்தொகை, பின்னர் மாநிலத்தை விட மெதுவாகவே வளர்ந்தது. இவ்வேறுபாடுகளின் காரணங்களையும், அவற்றால் ஏற்பட்ட விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

பொருளடக்கம்
1. பின்னணி
2. மக்கள்தொகை வளர்ச்சி
3. நகரமயமாதல்
4. நாகர்கோவிலின் பகுதிகள்
5. சமய, சமுதாய அமைப்பு
6. கல்வியும் பாலின விகிதமும்
7. தொழிலும் வருவாயும்
8. இடப்பெயர்வு
9. அரசியல் பிரதிநிதித்துவம்
10. இவற்றையும் பார்க்க

1. பின்னணி

இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 வரை திருவிதாங்கூர் அரசிலும், பின்னர் அதன் வழிவந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்தது. மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழ்ந்த அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டு இம்மாவட்டம் உருவானது. இவ்விணைப்பிற்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடுகளில் பலர் உயிரிழந்தனர்.

நில அமைப்பின்படி மாவட்டத்தை இரு பகுதிகளாகப் பிரிக்கலாம். கிழக்கிலுள்ள தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் பழைய நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தவை. நெல்வயல்களும் குளங்களும் நிறைந்த இப்பகுதியில் வீடுகள் தெருக்களாக நெருங்கி அமைந்து, ஊர்களைச் சுற்றி வயல்கள் பரந்திருக்கும். மேற்கிலுள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் மேடும் பள்ளமுமான தோட்ட நிலங்கள். இங்கு ஒவ்வொரு வீடும் தனக்குரிய தோட்டத்தின் நடுவே தனித்து அமைந்திருப்பது வழக்கம். இத்தோட்ட நிலத்திற்கு 'விளை' என்பது வட்டாரப் பெயர். மாவட்டத்தின் எண்ணற்ற ஊர்ப்பெயர்கள் 'விளை' என முடிவதற்கு இதுவே காரணம். இவ்விருவகைக் குடியிருப்பு முறைகளும் பின்னர் ஏற்பட்ட நகரமயமாதலின் தன்மையைத் தீர்மானித்தன.

இப்பகுதியைப் பற்றிய கணக்கெடுப்புகள் தொன்மையானவை. திருவிதாங்கூரில் 1875 ஆம் ஆண்டிலேயே முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதன் அறிக்கையை எழுதியவர் வே. நாகமையா ஆவார். பின்னாளில் 'திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல்' எனும் நூலைத் தொகுத்தவரும் இவரே.

2. மக்கள்தொகை வளர்ச்சி

இம்மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குட்பட்ட பகுதியில் வாழ்ந்த மக்களின் எண்ணிக்கையும், அதற்கு முந்தைய கணக்கெடுப்பிலிருந்து ஏற்பட்ட வளர்ச்சி வீதமும் பின்வருமாறு:

1901 – 3,59,248
1911 – 4,22,260 (17.5%)
1921 – 4,94,125 (17.0%)
1931 – 5,81,851 (17.8%)
1941 – 6,76,975 (16.3%)
1951 – 8,26,380 (22.1%)
1961 – 9,96,915 (20.6%)
1971 – 12,22,549 (22.6%)
1981 – 14,23,399 (16.4%)
1991 – 16,00,349 (12.4%)
2001 – 16,76,034 (4.7%)
2011 – 18,70,374 (11.6%)

இப்பட்டியலில் இரு காலகட்டங்களைக் காணலாம். 1901 முதல் 1971 வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் மக்கள்தொகை 16 விழுக்காட்டிற்கு மேல் வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதிகளில் கொள்ளை நோய்களால் மக்கள்தொகை குறைந்த 1911-1921 பத்தாண்டில்கூட இங்கு 17 விழுக்காடு வளர்ச்சி இருந்தது. 1971 இற்குப் பின் வளர்ச்சி வீதம் தொடர்ந்து சரிந்து, 1991-2001 பத்தாண்டில் 4.7 விழுக்காட்டை அடைந்தது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் வளர்ச்சி 11.7 விழுக்காடாகும். 2001-2011 பத்தாண்டில் வளர்ச்சி சற்றே உயர்ந்த போதிலும் மாநிலத்தின் 15.6 விழுக்காட்டை எட்டவில்லை.

வளர்ச்சி வீதம் குறைவது வேறு, மக்கள்தொகை குறைவது வேறு. மேற்கண்ட பதினொரு பத்தாண்டுகளில் ஒன்றில்கூட மாவட்டத்தின் மக்கள்தொகை குறையவில்லை. 1901 முதல் 2011 வரை அது ஐந்து மடங்கிற்கு மேல் பெருகியது. அக்காலத்தில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கே பெருகியது.

வளர்ச்சி வீதம் சரிந்ததற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, குழந்தைப் பிறப்பு குறைந்தமை. பெண்கல்வி பரவியது, திருமண வயது உயர்ந்தது, குழந்தை இறப்பு குறைந்தது ஆகியவற்றால் தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்னரே இங்கு சிறு குடும்ப முறை நிலைபெற்றது. 2011 இல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 1,82,350 பேர், அதாவது மொத்த மக்களில் 9.7 விழுக்காட்டினர். தமிழ்நாட்டில் இவ்வீதம் 10.3 விழுக்காடும், இந்தியாவில் 13.6 விழுக்காடும் ஆகும். இரண்டாவது காரணம், வேலை தேடி வெளியேறுவோர். இது தனியே கீழே விளக்கப்பட்டுள்ளது.

மக்களடர்த்தி 2001 இல் சதுர கிலோமீட்டருக்கு 995 ஆக இருந்து 2011 இல் 1,111 ஆக உயர்ந்தது. இது மாநிலச் சராசரியான 555 ஐப் போல் இரு மடங்காகும். மாவட்டத்தின் பரப்பில் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக இருப்பதால், மக்கள் வாழும் நிலத்தில் மட்டும் கணக்கிட்டால் அடர்த்தி ஏறத்தாழ 1,450 ஆகின்றது.

3. நகரமயமாதல்

2001 இல் 65.27 விழுக்காடாக இருந்த நகர்ப்புற மக்கள் பங்கு 2011 இல் 82.33 விழுக்காடாக உயர்ந்தது. தமிழ்நாட்டின் சராசரி 48.4 விழுக்காடு மட்டுமே. பத்தாண்டுகளில் 17 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தமையைக் காண்போர், கிராம மக்கள் பெருமளவில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர் என எண்ணக்கூடும். உண்மையில் நடந்தது வேறு.

இந்தியக் கணக்கெடுப்பில் நகரங்கள் இரு வகைப்படும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை முதல் வகை. இரண்டாம் வகை 'கணக்கெடுப்பு நகரம்' எனப்படும். ஊராட்சியாகவே நிருவகிக்கப்படும் ஓர் ஊர் பின்வரும் மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் அது நகரமாகக் கணக்கிடப்படும்:

* மக்கள்தொகை 5,000 இற்குக் குறையாதிருத்தல்
* முதன்மை ஆண் தொழிலாளர்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல்
* சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்தல்

அடர்த்தி மிகுந்த இம்மாவட்டத்தில் முதல், மூன்றாம் நிபந்தனைகள் எளிதில் நிறைவேறுகின்றன. ஆண்கள் வேளாண்மையை விட்டுக் கட்டடத் தொழில், வணிகம், ஓட்டுநர் பணி, அலுவலகப் பணி ஆகியவற்றிற்கு மாறியதும் இரண்டாவதும் நிறைவேறிவிடுகின்றது. இதனால் மக்கள் தாம் வாழ்ந்த விளையிலேயே வாழ்ந்தபோதிலும், அவர்களது ஊர் கணக்கேட்டில் கிராமத்திலிருந்து நகரமாக மாறியது. ஐம்பதிற்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இம்மாவட்டத்தில் இருப்பதும் நகர்ப்புற விழுக்காடு உயர்ந்திருப்பதற்கு மற்றொரு காரணமாகும்.

இதற்கு நாகர்கோவிலின் எண்ணிக்கையே சான்று. 2011 இல் மாவட்டத்தின் நகர்ப்புற மக்கள் 15,39,802 பேர். அவர்களுள் நாகர்கோவில் நகராட்சியில் வாழ்ந்தோர் 2,24,849 பேர், அதாவது ஏழில் ஒரு பங்கினரே. ஏனைய நகராட்சிகளான குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை ஆகியவை ஒவ்வொன்றும் 25,000 இற்கும் குறைவான மக்களைக் கொண்டிருந்தன. எஞ்சியோர் அனைவரும் ஒன்றோடொன்று தொடர்ந்து செல்லும் சிற்றூர்களில் வாழ்பவர்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் நெடுஞ்சாலையில் ஓர் ஊர் முடியுமிடமும் அடுத்த ஊர் தொடங்குமிடமும் தெரிவதில்லை.

இத்தகைய அமைப்பு கேரளத்திற்கும் பொதுவானது. அங்கும் நகர்ப்புற மக்கள் பங்கு 2001 இல் 26 விழுக்காடாக இருந்து 2011 இல் 47.7 விழுக்காடாக உயர்ந்தது. அதற்கும் பல ஊராட்சிகள் கணக்கெடுப்பு நகரங்களாக மாறியதே முதன்மைக் காரணம்.

இவ்வேறுபாடு வெறும் பெயரளவிலானது அன்று. நகர்ப்புறம் எனக் கணக்கிடப்படும் ஊர்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடை, குப்பை மேலாண்மை, திட்டமிட்ட சாலைகள் போன்ற நகர வசதிகள் இல்லை. மறுபுறம், வீடுகள் பரவலாகக் கட்டப்படுவதால் வயல்கள் மனைகளாக மாறுகின்றன. பேச்சிப்பாறை அணை (கட்டப்பட்ட காலம் 1897-1906) மற்றும் கோதையாற்றுக் கால்வாய்களால் இருபோகம் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்களின் பரப்பு பெருமளவு குறைந்துவிட்டது. தென்னை, வாழை, ரப்பர் ஆகியவற்றிற்கு விவசாயிகள் மாறியதும் இதற்கு ஒரு காரணமாகும்.

4. நாகர்கோவிலின் பகுதிகள்

நாகர்கோவிலின் மக்கள்தொகை 1971 இல் ஏறத்தாழ 1.41 இலட்சமாகவும், 1991 இல் 1.90 இலட்சமாகவும், 2001 இல் 2.08 இலட்சமாகவும் இருந்தது. 2001-2011 பத்தாண்டில் நகரம் 8 விழுக்காடு மட்டுமே வளர்ந்தது. இது மாவட்டத்தின் வளர்ச்சியை விடக் குறைவு. நகர எல்லைக்கு வெளியேயுள்ள ஊர்களிலேயே புதிய குடியிருப்புகள் பெருகின என்பதை இது காட்டுகின்றது. 2019 ஆம் ஆண்டில் நாகர்கோவில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

நாகர்கோவில் ஒரே ஊராகத் தோன்றி வளர்ந்த நகரம் அன்று. தனித்தனியான பழைய ஊர்கள் பல ஒன்றிணைந்து உருவான நகரம். ஆதலால் ஒவ்வொரு பகுதியும் தனக்கே உரிய தொழிலையும் சமுதாயத்தையும் கொண்டிருந்தது.

* கோட்டாறு: பண்டைய வணிக ஊர். கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் 'கொட்டியாரா' இதுவே எனக் கருதப்படுகின்றது. தானிய, பலசரக்கு வணிகம் இங்கு சிறப்புற்றிருந்தது. புனித சவேரியார் பேராலயம் இங்கு அமைந்துள்ளது.
* வடசேரி: நெசவாளர்களும் பொற்கொல்லர்களும் வாழ்ந்த பகுதி. பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் கோயில் நகைகள் செய்வதில் பெயர்பெற்றது. இந்நகைகள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.
* வடிவீசுவரம்: சிவன் கோயிலைச் சுற்றி அமைந்த அக்ரகாரத் தெருக்களைக் கொண்டது. இங்கிருந்த பிராமணக் குடும்பங்களில் பெரும்பாலானவை கல்வி, வேலை ஆகியவற்றின் பொருட்டுப் பிற நகரங்களுக்குச் சென்றுவிட்டன.
* இடலாக்குடி: இசுலாமியர் மிகுதியாக வாழும் பகுதி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) பிறந்த ஊர்.
* ஒழுகினசேரி: பழையாற்றின் கரையில் அமைந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908-1957) பிறந்த ஊர்.

இப்பழைய ஊர்களுக்கு இடையிலிருந்த வயல்களிலும் தோப்புகளிலும் இருபதாம் நூற்றாண்டில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், வெளிநாட்டில் பணிபுரிவோர் ஆகியோர் மனை வாங்கிக் குடியேறிய இப்பகுதிகளில் பல சமுதாயத்தினரும் கலந்து வாழ்கின்றனர். பழைய தெருக்களில் பிறப்பால் அமைந்த அண்டை அயல், புதிய நகர்களில் வருவாயால் அமைகின்றது. மனை விலையைத் தர இயலாதோர் நகரின் புறத்தே தள்ளப்படுவது இதன் மறுபக்கமாகும்.

5. சமய, சமுதாய அமைப்பு

இந்தியாவில் கணக்கெடுப்பின்போது இனம் பற்றிக் கேட்கப்படுவதில்லை. சமயம், மொழி, பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி ஆகிய விவரங்களே திரட்டப்படுகின்றன. ஏனைய சாதிகளின் விவரம் 1931 இற்குப் பின் நாடு முழுவதும் முறையாக வெளியிடப்படவில்லை. அடுத்து வரும் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளின் விவரமும் திரட்டப்படும் என 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய அரசு அறிவித்தது. கோவிட் பெருந்தொற்றினால் 2021 கணக்கெடுப்பு நடைபெறாததால், 2027 மார்ச் 1 ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அது நடத்தப்படும் என அறிவிக்கப்பட்டது.

சமயவாரியாக மக்கள்தொகை:

இந்துக்கள் – 51.27% (2001), 48.65% (2011)
கிறித்தவர்கள் – 44.47% (2001), 46.85% (2011)
இசுலாமியர் – 4.19% (2001), 4.20% (2011)

தமிழ்நாட்டில் 2011 இல் கிறித்தவர்கள் 6.12 விழுக்காட்டினர். மாநிலத்தின் கிறித்தவர்களுள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் இம்மாவட்டத்தில் வாழ்ந்தார்.

இவ்வமைப்பிற்கு நீண்ட வரலாறு உண்டு. கடற்கரையில் வாழும் முக்குவர், பரவர் சமுதாயத்தினரிடையே பதினாறாம் நூற்றாண்டில் புனித பிரான்சிசு சேவியர் காலத்தில் கத்தோலிக்கம் பரவியது. உள்நாட்டுப் பகுதியில் சீர்திருத்தக் கிறித்தவம் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகும். வில்லியம் தோபியாசு ரிங்கல்தௌபே 1806 இல் மயிலாடிக்கு வந்தார். 1818 இல் சார்லசு மீட் இலண்டன் மிசன் சங்கத்தின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். வரிகளாலும் ஊழியத்தாலும் தீண்டாமையாலும் ஒடுக்கப்பட்டிருந்த நாடார், சாம்பவர் முதலிய சமுதாயத்தினர் பலர் கிறித்தவத்தைத் தழுவினர். அதே காலத்தில் அய்யா வைகுண்டர் (1809-1851) சாமித்தோப்பை மையமாகக் கொண்டு தொடங்கிய அய்யாவழியும் ஒடுக்கப்பட்டோரைப் பெருமளவில் ஈர்த்தது. கணக்கெடுப்பில் அய்யாவழியினர் பெரும்பாலும் இந்துக்கள் எனவே பதிவாகின்றனர்.

மாவட்டத்தில் நாடார்களே மிகப்பெரிய சமுதாயத்தினர். இவர்களுள் இந்துக்களும் கிறித்தவர்களும் உள்ளனர். ஒரே குடும்பத்தின் கிளைகள் இரு சமயங்களிலும் இருப்பதுண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர், நாயர், கிருஷ்ணன்வகை, ஈழவர், கம்மாளர், செட்டியார், சாலியர், முக்குவர், பரவர், சாம்பவர், புலையர் முதலியோர் ஏனைய சமுதாயத்தினர். பேச்சிப்பாறையை அடுத்த மலைப்பகுதிகளில் காணிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழே பெரும்பான்மையோரின் மொழி. மேற்கு வட்டங்களில் மலையாளம் பேசுவோரும் கணிசமாக உள்ளனர்.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி எனப்படும் தாய்வழிச் சொத்துரிமை இருந்தது. தந்தையின் சொத்து மகனுக்குச் சேராமல் சகோதரியின் மகனுக்குச் சேரும் இம்முறையால் விளைந்த குடும்ப வழக்குகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எனும் நூலில் எள்ளி நகையாடினார். 1926 இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் இம்முறை மாற்றம் கண்டு, கூட்டுக் குடும்பச் சொத்துகள் பிரிக்கப்பட்டன.

சமய விழுக்காடுகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஒரு சமயத்தின் பங்கு குறைவதால் அதன் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று பொருளாகாது. 2001-2011 இல் இந்துக்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ 50,000 கூடியது.
* பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு, பதிவு முறை ஆகிய அனைத்தும் பங்கினை மாற்றவல்லவை. ஒரு பத்தாண்டு மாற்றத்தை ஒரே காரணத்தால் விளக்க இயலாது.
* 2011 இல் பட்டியல் சாதியினர் 3.97 விழுக்காட்டினர் மட்டுமே; மாநிலச் சராசரி 20 விழுக்காடு. 1950 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவத்தைத் தழுவியோர் பட்டியல் சாதியினராகக் கணக்கிடப்படுவதில்லை. எனவே இங்குள்ள தலித் மக்களின் உண்மையான எண்ணிக்கை இதனினும் கூடுதலாகும்.
* திருவிதாங்கூர் வரலாற்றின் காரணமாக, தமிழ்நாட்டின் சாதி, பழங்குடிப் பட்டியல்களில் சில பெயர்கள் 'கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும்' எனும் குறிப்புடன் இடம்பெற்றுள்ளன.

இவ்விழுக்காடுகள் அரசியல் மேடைகளில் அச்சமூட்டப் பயன்படுத்தப்பட்டதுண்டு. 1982 இல் மண்டைக்காட்டில் தொடங்கிய மதக்கலவரத்தில் பலர் உயிரிழந்தனர். அதனை விசாரிக்க நீதியரசர் பி. வேணுகோபால் ஆணையம் அமைக்கப்பட்டது. எண்களை அவற்றின் பின்னணியோடு புரிந்துகொள்வது இம்மாவட்டத்தில் ஏட்டளவிலான தேவை மட்டுமன்று.

6. கல்வியும் பாலின விகிதமும்

மாவட்டத்தின் படிப்பறிவு வீதம் 1991 இல் 82.06, 2001 இல் 87.55, 2011 இல் 91.75 விழுக்காடாக இருந்தது. 2011 இல் தமிழ்நாட்டின் சராசரி 80.09 விழுக்காடு.

இதன் அடித்தளம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடப்பட்டது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1819 இல் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளி மாணவியருக்குக் கற்பிக்கப்பட்ட லேசு பின்னல், பெண்கள் தம் கையால் பொருளீட்டும் தொழிலாக வளர்ந்தது. 1893 இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி கல்லூரி நிலையை அடைந்தது. கல்வி பெற்ற ஒடுக்கப்பட்டோர் உரிமைகளையும் கோரினர். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்து, 1859 ஆம் ஆண்டு அரச ஆணையினால் ஓரளவு தீர்வு கண்டது.

பாலின விகிதம் 2001 இல் 1,000 ஆண்களுக்கு 1,014 பெண்களாகவும், 2011 இல் 1,019 பெண்களாகவும் இருந்தது. மாநிலச் சராசரி 996. ஆயினும் ஆறு வயதுக்குட்பட்டோரில் இவ்விகிதம் 964 ஆகும். பெரியோரில் பெண்கள் மிகுந்திருப்பதற்குப் பெண்களின் கூடிய ஆயுட்காலமும், ஆண்கள் வெளியூர்களில் பணிபுரிவதும் காரணங்களாகும்.

7. தொழிலும் வருவாயும்

இந்தியக் கணக்கெடுப்பில் குடும்பத்தின் வருவாய் கேட்கப்படுவதில்லை. எனவே தொழில், வீட்டு வசதி, மனித வளர்ச்சிச் சுட்டெண் போன்றவற்றைக் கொண்டே வருவாய் நிலை மதிப்பிடப்படுகின்றது. 2017 இல் வெளியான தமிழ்நாடு மனித வளர்ச்சி அறிக்கையில் இம்மாவட்டம் 0.944 புள்ளிகளுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது.

மாவட்டத்தின் முதன்மைத் தொழில்கள்:

* குலசேகரம், அருமனை முதலிய மேற்குப் பகுதிகளில் ரப்பர் பயிரிடலும் பால்வெட்டும்
* நாஞ்சில் நாட்டில் நெல், வாழை. தோவாளையில் மலர்ச் சாகுபடியும் மலர்ச் சந்தையும்
* ஏறத்தாழ 70 கி.மீ. நீளக் கடற்கரையில் மீன்பிடித்தல்
* உள்ளூரில் 'அண்டியாபீசு' எனப்படும் முந்திரிப்பருப்பு ஆலைகள் (பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள்)
* மீன்வலை, கயிறு, கைத்தறி, செங்கல் சூளை
* கல்வி, மருத்துவம், வணிகம், சுற்றுலா

இவற்றுள் பெருந்தொழில் எதுவுமில்லை. ஆயினும் வாழ்க்கைத்தரம் உயர்ந்திருப்பதற்குக் காரணம் வெளியிலிருந்து வரும் பணமாகும். ஒரு மாவட்டத்தின் தனிநபர் வருவாய் எனப்படுவது அம்மாவட்டத்திற்குள் உற்பத்தியாகும் பொருள், சேவை ஆகியவற்றின் மதிப்பைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. துபாயிலோ சென்னையிலோ பணிபுரிபவர் வீட்டிற்கு அனுப்பும் பணம் அக்கணக்கில் சேராது. அப்பணம் இங்கு வீடாகவும் நகையாகவும் கல்விக் கட்டணமாகவும் செலவாகும்போதே, கட்டடத் தொழில், வணிகம் ஆகியவற்றின் வழியாக மறைமுகமாகக் கணக்கில் வருகின்றது.

உயர்ந்த சராசரி, ஏற்றத்தாழ்வை மறைத்துவிடவும் கூடும். கடற்கரை ஊர்களில் குறுகிய நிலப்பரப்பில் வீடுகள் மிக நெருங்கியுள்ளன. அவர்களது வருவாய் கடலின் நிலையைப் பொறுத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலும் இம்மக்களுக்குப் பேரிழப்பை ஏற்படுத்தின. காணிக் குடியிருப்புகள் சாலை, மருத்துவம் ஆகியவற்றில் பின்தங்கியுள்ளன. பெண்கள் படிப்பறிவில் முன்னிற்பினும், வேலையில் ஈடுபடும் பெண்களின் பங்கு மாநிலச் சராசரியை விட மிகவும் குறைவு. படித்த கல்விக்கேற்ற வேலை உள்ளூரில் இல்லாமையே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது.

8. இடப்பெயர்வு

வேலை தேடி வெளியேறுவது இம்மாவட்டத்தில் பழைய வழக்கமாகும். திருவிதாங்கூர் மலைத்தோட்டங்களுக்கும் இலங்கைக்கும் சென்றோர் பலர். பின்னர் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களுக்குச் சென்றனர். 1970களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வது பெருகியது. மேற்குக் கடற்கரை ஊர்களின் மீனவர்கள் கேரளம், குசராத்து முதலிய பகுதிகளிலும் வளைகுடா நாடுகளிலும் மீன்பிடிக்கின்றனர்.

மாவட்டத்திற்குத் தொடர்வண்டிப் பாதை மிகத் தாமதமாகவே வந்தது. நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம்-கன்னியாகுமரி பாதை 1979 இலும், நாகர்கோவில்-திருநெல்வேலி பாதை 1981 இலும் திறக்கப்பட்டன. இவை வெளியூர் வேலைவாய்ப்பை மேலும் எளிதாக்கின.

இதற்கு எதிர்த்திசையிலும் இடப்பெயர்வு நிகழ்கின்றது. உள்ளூர் இளைஞர்கள் விட்டுச்சென்ற கட்டட வேலை, உணவக வேலை, செங்கல் சூளை வேலை ஆகியவற்றை வட, கிழக்கு இந்திய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் செய்கின்றனர். 

குழந்தைகள் குறைந்து, இளைஞர்கள் வெளியேறும் நிலையில் முதியோரின் பங்கு உயர்கின்றது. பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் கட்டிய பெரிய வீடுகளில் வயது முதிர்ந்த பெற்றோர் மட்டும் வாழும் நிலை பரவலாகக் காணப்படுகின்றது. 2011 இல் ஒரு வீட்டிற்குச் சராசரியாக 3.9 பேர் மட்டுமே இருந்தனர்.

9. அரசியல் பிரதிநிதித்துவம்

மக்கள்தொகை வளர்ச்சி குறைந்ததன் நேரடி விளைவு தொகுதிகளின் எண்ணிக்கையில் தெரிந்தது. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், திருவட்டாறு, விளவங்கோடு, கிள்ளியூர் என ஏழு சட்டமன்றத் தொகுதிகள் இம்மாவட்டத்தில் இருந்தன. 2001 கணக்கெடுப்பின் அடிப்படையில் 2008 இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பில் திருவட்டாறு தொகுதி நீக்கப்பட்டு, அவை ஆறாகக் குறைந்தன. நாகர்கோவில் மக்களவைத் தொகுதி கன்னியாகுமரி எனப் பெயர் பெற்றது.

இதன் கணக்கு எளியது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளை மக்கள்தொகைப் பங்கின்படி பிரித்தால் இம்மாவட்டத்திற்குக் கிடைப்பவை:

1971: மாநில மக்கள் 4,11,99,168, மாவட்டப் பங்கு 2.97%, தொகுதிகள் 6.9
2001: மாநில மக்கள் 6,24,05,679, மாவட்டப் பங்கு 2.69%, தொகுதிகள் 6.3
2011: மாநில மக்கள் 7,21,47,030, மாவட்டப் பங்கு 2.59%, தொகுதிகள் 6.1

1971 இற்கும் 2001 இற்கும் இடையே மாவட்டத்தில் நான்கரை இலட்சம் மக்கள் கூடியும் ஒரு தொகுதி குறைந்தது. ஏனெனில் மாநிலத்தின் பிற பகுதிகள் இதனினும் விரைவாக வளர்ந்தன. பெண்கல்வி, குழந்தை நலம், குடும்பநலம் ஆகியவற்றில் முன்னின்ற ஒரு மாவட்டம் அதன் காரணமாகவே சட்டமன்றத்தில் ஓர் இடத்தை இழந்தது.

மாநிலங்களுக்கிடையிலான மக்களவை இடப் பங்கீடு, 84 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, 2026 இற்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை 1971 ஆம் ஆண்டு மக்கள்தொகையின் அடிப்படையில் நிறுத்திவைக்கப்பட்டது. இந்நிறுத்தம் நீங்கினால், மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் பங்கு குறையும் என்பது தென்மாநிலங்களின் கவலையாகும். அக்கவலை எத்தகையது என்பதை ஒரு மாநிலத்திற்குள்ளேயே காட்டும் எடுத்துக்காட்டாகக் கன்னியாகுமரி மாவட்டம் அமைந்துள்ளது.

10. இவற்றையும் பார்க்க

* கன்னியாகுமரி மாவட்டம்
* நாகர்கோவில்
* நாஞ்சில் நாடு
* தோள்சீலைப் போராட்டம்
* தமிழ்நாட்டின் மக்கள்தொகையியல்
* தொகுதி மறுசீரமைப்பு